ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனால் சாயங்காலமானால் இமை இறங்குகிறது

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதம், சற்றுச் சுருக்கி:

"டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் மனைவிக்கு 33 வயது. தனியார் பள்ளியில் ஆசிரியை. போன வருஷக் கடைசியிலிருந்து சாயங்காலமானால் அவளுக்கு இடது இமை இறங்கிவிடுகிறது. சில நாள் வலது. டிவியில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறாள். கண் டாக்டர் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார். கடைசி பீரியடில் குரல் மூக்கால் பேசுவதுபோல ஆகிறது; ஈஎன்டி டாக்டர் அலர்ஜி என்றார். சப்பாத்தி பாதி சாப்பிடுவதற்குள் தாடை ஓய்ந்துவிடுகிறது என்று பல் டாக்டரையும் பார்த்தோம். தலை வாரக் கை தூக்க முடிவதில்லை. ஆனால் காலையில் எழுந்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறாள். மூளை எம்ஆர்ஐ நார்மல், ரத்தமும் நார்மல். கடைசியாகப் பார்த்த டாக்டர் டென்ஷன் என்று சொல்லி ஒரு மாத்திரையும், ராத்திரி தூங்குவதற்குக் குளோனாசிபாமும் எழுதினார். மே மாதம் ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அந்த வெயிலில் பேச்சே குழறிவிட்டது. போன வாரம் தொண்டை வலிக்கு மெடிக்கலில் அசித்ரோமைசின் வாங்கிச் சாப்பிட்டாள். இரண்டாம் நாள் குடித்த காபி மூக்கு வழியாக வந்தது. என் அம்மா திருஷ்டி என்கிறார். நிம்ஹான்ஸ் (பெங்களூரு மனநல, நரம்பியல் மருத்துவமனை) போகலாம் என்றால் 'எனக்கென்ன பைத்தியமா' என்று அழுகிறாள். இது மனசா, நரம்பா? யாரைப் பார்ப்பது? இரண்டாவது குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்துவிடலாமா?"

அன்புள்ள சகோதரருக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம். காபி மூக்கு வழியாக வந்தது சின்ன விஷயம் இல்லை. விழுங்கும் தசைகள் தளர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். அடுத்து மூச்சுத் தசைகள் தளரலாம். அதனால் அடுத்த மாத அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல், இன்றோ நாளையோ ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது, எச்சிலை விழுங்க முடியவில்லை, இருமினால் இருமலில் வலு இல்லை, தலை தானாக முன்னால் சாய்கிறது: இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, ஐசியூவும் வென்டிலேட்டரும் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வீட்டில் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரே மூச்சில், நொடிக்கு இரண்டு என்ற வேகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். சாதாரணமாக 40, 50 வரை போகும். 20-ஐத் தாண்ட முடியவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பி இருக்காதீர்கள். கொரோனாவுக்குப் பிறகு எல்லார் வீட்டிலும் அது இருக்கிறது. இந்த விஷயத்தில் அது ஆளை ஏமாற்றும். மூச்சுத் தசை களைத்துப்போன பிறகும் வெகுநேரம் 97, 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அது இறங்கும்போது நேரம் கடந்திருக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் வைப்பது சரியில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை என் ஜூனியர் டாக்டர் ஒருவர் வந்து சொன்னால், நான் முதலில் சந்தேகப்படுவது மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயைத்தான். கண், மூக்கு, பல், கடைசியில் டென்ஷன் என்று நான்கு டாக்டர்களிடம் போனீர்கள். ஒவ்வொருவரும் தன் பங்குக்கு வந்ததைப் பார்த்தார். இந்தத் தொல்லைகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் கயிறு நேரம்: காலையில் இல்லை, பயன்படுத்தப் பயன்படுத்தத் தளர்கிறது, ஓய்வெடுத்தால் திரும்புகிறது, சாயங்காலம் மோசம். இமையைத் தூக்குவதும், கண்ணைத் திருப்புவதும், மெல்லுவதும், பேசுவதும், கையைத் தலைக்கு மேல் தூக்குவதும் தசைகள்தான். ஒரே நோய் இத்தனை இடத்தில் எட்டிப் பார்க்கிறது.

1672-ல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பெண் முதலில் நன்றாகப் பேசுவாராம். நெடுநேரமோ வேகமாகவோ பேசிவிட்டால் மீன் மாதிரி வாயடைத்துப் போவாராம். ஓரிரு மணி நேரம் கழித்துத்தான் குரல் திரும்புமாம். உங்கள் மனைவியைப் போலக் கடைசி பீரியட் எடுக்கும் டீச்சர் என்று அவர் எழுதவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே நடப்பது இது. நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளிவந்து, தசையின் மேலுள்ள ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது, தசை சுருங்குகிறது. உடலின் எதிர்ப்பு சக்தி தவறுதலாக அந்த ஏற்பிகளையே எதிரி என்று நினைத்துத் தாக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்கிவிட்டால், ஏற்பிகள் குறைந்துபோகும். முதல் சில தடவை எப்படியோ சமாளிக்கும். திரும்பத் திரும்ப வேலை வாங்கும்போது நுனியில் வெளிவரும் ரசாயனமும் எல்லாருக்குமே கொஞ்சம் குறையும். நமக்கு மிச்சம் நிறைய இருப்பதால் தெரிவதில்லை, இவர்களுக்குத் தெரிந்துவிடும். நம் ஊர்ப் பக்கத்தில் கட்டுவிரியன் கடித்தவருக்கு முதலில் இமை இறங்கும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த விஷம் வேலை செய்வதும் நரம்பும் தசையும் சேரும் இதே சந்திப்பில்தான்.

எம்ஆர்ஐ ஏன் நார்மல் என்று இப்போது புரியும். வீட்டைப் போட்டோ எடுத்தால் சுவரும் ஜன்னலும் தெரியும், சுவிட்சில் கரண்ட் சரியாக வருகிறதா என்று தெரியாது. எம்ஆர்ஐ எடுத்தது தப்பில்லை. மூளைத்தண்டில் கோளாறு இருந்தாலும் இரட்டைப் பார்வையும் குழறலும் வரும், அதை விலக்க வேண்டும். விலக்கியாயிற்று. ஆனால் "எம்ஆர்ஐ நார்மல், ஆகவே டென்ஷன்" என்று தாண்டுவதுதான் எனக்குச் சங்கடம். நரம்பில் சேதமில்லாமல் அதன் வேலை மட்டும் தடுமாறும் செயல்பாட்டு நரம்புக் கோளாறு என்று உண்மையிலேயே ஒன்று உண்டு. அது நடிப்பில்லை, அதில் கை கால் நிஜமாகவே வராது. ஆனால் அதையும் பரிசோதனையில் அதற்கே உரிய அடையாளங்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்பது அதற்கு ஆதாரம் ஆகாது. ஏழெட்டு மாதமாகச் சாயங்காலமானால் பேச்சு வராத ஒருவருக்கு டென்ஷன் இருக்கத்தான் செய்யும்.

வேறு நோயாக இருக்கக் கூடாதா? இருக்கலாம். தைராய்டு கண்ணைப் பாதித்தால் இரட்டைப் பார்வை வரும். அதில் கண் பெரும்பாலும் பிதுங்கும், இமை மேலே ஏறும். மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் வெயிலில் மோசமாகும், களைப்பும் தரும்; ஆனால் அதன் அறிகுறிகள் வந்தால் நாள்கணக்கில் தங்கும், காலை மாலை என்று மாறாது, இமை இறங்குவதும் அதில் அபூர்வம். உயிரணுவுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா சம்பந்தப்பட்ட சில நோய்களில் இமை வருஷக்கணக்கில் மெதுவாக இறங்கும். இன்றைக்கு இடது, நாளைக்கு வலது என்று ஆடாது. இணையத்தில் தேடினால் மோட்டார் நியூரான் நோய் (தசையை இயக்கும் நரம்புகள் அழியும் நோய்) என்று வந்து பயமுறுத்தும். அதில் கண் தசைகள் பொதுவாகத் தப்பிவிடும், ஓய்வெடுத்தால் சரியாவதும் கிடையாது. அதை நினைத்துத் தூக்கம் கெடுக்க வேண்டாம்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. ஓபிடி எல்லாம் காலையில். உங்கள் மனைவி காலையில் நன்றாக இருப்பார். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பார். இதுவரை நடந்ததும் பாதி அதுதான் என்று நினைக்கிறேன். அதனால் சாட்சியைக் கையோடு கொண்டுபோங்கள். இன்று சாயங்காலமே போனில் வீடியோ எடுங்கள்: நேராகப் பார்த்தபடி பத்து விநாடி, அப்புறம் தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் மேலே விட்டத்தைப் பார்க்கச் சொல்லி ஒரு நிமிஷம். இமை மெல்ல மெல்ல இறங்குவது படத்தில் விழும். ஏதாவது பாடப் புத்தகத்தை இரண்டு நிமிஷம் சத்தமாக வாசிக்கச் சொல்லி அதையும் எடுங்கள். குரல் எந்த வரியில் மூக்குக்குப் போகிறது என்று கேட்டாலே தெரியும். நாளைக் காலை எழுந்தவுடன் இதையே மறுபடி எடுத்துவையுங்கள். இந்த இரண்டு வீடியோவும் உங்களிடமுள்ள மொத்த ஃபைலைவிட உபயோகம். பழைய போட்டோ ஒன்றிரண்டும் எடுத்துப் போங்கள், ஆதார் அட்டைப் படம்கூடப் போதும். இமை பிறவியிலேயே கொஞ்சம் ஏற்ற இறக்கமா, புதிதா என்று பார்ப்போம்.

கிளினிக்கில் இறங்கிய இமை மேல் ஒரு கையுறையில் ஐஸ் கட்டியை வைத்து இரண்டு நிமிஷம் காத்திருப்போம். எடுத்தவுடன் இமை 2 மில்லிமீட்டராவது உயர்ந்தால் சந்தேகம் பலமாகும். குளிரில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி மந்தமாகிவிடுகிறது. ஆம்பூர் வெயிலில் நடந்தது இதற்கு நேர் எதிர். சூடு இந்த நோயை ஏற்றிவிடும், பெங்களூரு கொஞ்சம் தயவு காட்டுகிறது.

அடுத்து ரத்தத்தில் அசிட்டைல்கோலின் ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை. நீங்கள் எடுத்த "ரத்தம் நார்மல்" என்பதில் இது சேர்ந்திருக்காது. தனியாக எழுதிக் கேட்டால்தான் செய்வார்கள். உடல் முழுதும் பரவிய நோயில் சுமார் 85 சதவீதம் பேருக்கு இது பாசிட்டிவாக வரும். கண்ணோடு நிற்கும் நோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். நெகட்டிவ் என்றால் மஸ்க் என்ற இன்னொரு எதிர்ப்பொருளைப் பார்ப்பார்கள். நரம்பில் சின்னச் சின்ன ஷாக்காகத் திரும்பத் திரும்பக் கொடுத்துத் தசையின் பதில் குறைகிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் உண்டு. சுருக் சுருக்கென்று இருக்கும், பயப்படும்படி இல்லை. நோய் உறுதியானால் நெஞ்சுக்கு சிடி எடுப்பார்கள். "கண்ணுக்கு வந்தவளுக்கு நெஞ்சில் எதற்கு ஸ்கேன்" என்று கேட்காமல் இருந்த குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. இந்த நோயாளிகளில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு அதில் கட்டி இருக்கும். தைராய்டையும் பார்த்துவிடுவோம், இரண்டும் சேர்ந்து வருவது உண்டு.

நிம்ஹான்ஸ் விஷயம். உங்கள் மனைவி அழுவது எனக்கு ஆச்சரியமில்லை. சிவாஜிநகரிலும் அல்சூரிலும் அந்தப் பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டில் என்ன பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும். அங்கே பழைய மனநல மருத்துவமனை இருந்தது உண்மை. 1974-ல் அதையும் அங்கேயே இருந்த அகில இந்திய மனநல நிறுவனத்தையும் சேர்த்து நிம்ஹான்ஸ் ஆக்கினார்கள். பெயரிலேயே மனநலமும் நரம்பியலும் இரண்டும் உண்டு. பக்கவாதத்துக்கும், வலிப்புக்கும், தசை நோய்க்கும் தெற்கே பல மாநிலத்திலிருந்து ஓசூர் ரோட்டில் வந்து இறங்குகிறார்கள். தசை நரம்பு நோய்களில் நிறைய அனுபவம் உள்ள இடம், செலவும் கட்டுப்படியாகும். கூட்டம் அதிகம், காலையிலேயே போய்ப் பதிவு செய்ய வேண்டும். அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை என்றால் நகரத்தில் நரம்பியல் துறை உள்ள எந்தப் பெரிய ஆஸ்பத்திரியும் சரி. இடத்துக்காக ஒரு வாரம் சண்டை போடாதீர்கள். விழுங்க முடியாத ஆளுக்கு அந்த ஒரு வாரம் பெரிசு.

மருந்து உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனசில் இருக்கும். உண்டு, நல்ல மருந்துகள். 1934-ல் லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற டாக்டர், இந்த நோய் தசையைச் செயலிழக்க வைக்கும் க்யூராரே விஷம் ஏறியது போலவே இருக்கிறதே என்று பார்த்து, அந்த விஷத்தின் முறிவு மருந்தான ஃபைசோஸ்டிக்மினைக் கொடுத்தார், இமை தூக்கிக்கொண்டது. அதன் வழிவந்த பைரிடோஸ்டிக்மின்தான் இன்றும் முதல் மாத்திரை. அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் வேலை செய்யும், மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால் மெல்ல முடியும். இது நோயைக் குணப்படுத்தாது, பலத்தைக் கடன் வாங்கித் தரும். எதிர்ப்பு சக்தியை அடக்க ஸ்டீராய்டு, அதற்குத் துணையாக அசத்தையோபிரின் போன்றவை. ஸ்டீராய்டை எடுத்த எடுப்பிலேயே பெரிய அளவில் கொடுத்தால் முதல் இரண்டு வாரத்தில் நோய் ஏறிக்கொள்ளலாம் என்பதால், வெளி நோயாளிகளுக்குக் குறைவாக ஆரம்பித்துக் கூட்டுவோம். அசத்தையோபிரின் பலன் தெரிய ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகும். நடுவில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்துகிறவர்கள்தான் திரும்ப ஐசியூவில் வந்து நிற்கிறார்கள். கட்டி இருந்தால் தைமஸை எடுத்தாக வேண்டும். கட்டி இல்லாவிட்டாலும், ஏற்பி எதிர்ப்பொருள் உள்ள, நோய் உடலில் பரவிய பெரியவர்களுக்கு அதை எடுத்தால் நிலைமை மேம்படுகிறது, ஸ்டீராய்டும் குறைகிறது என்று 2016-ல் வெளிவந்த ஒரு பல நாட்டு ஆய்வு காட்டியது. உங்கள் மனைவியின் வயதில் அதைப் பற்றி டாக்டர் நிச்சயம் பேசுவார்.

அந்த அசித்ரோமைசின். தொண்டை வலியும் நோயை ஏற்றும், அந்த மருந்தும் ஏற்றும், இரண்டும் சேர்ந்துவிட்டது. இனிமேல் மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் கூடாது, நோய் உறுதியாகும் வரைக்கும்கூட. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் வகை இன்னும் மோசம். 2011-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த நோயைச் சொல்லியே அவற்றின் மேல் கடும் எச்சரிக்கை போட வைத்தது. இதில் நம் ஊருக்கென்று ஒரு பொறி இருக்கிறது. பைரிடோஸ்டிக்மின் ஆரம்பித்தவுடன் சிலருக்கு வயிற்றைப் பிசைந்து பேதியாகும். வீட்டில் யாராவது மெடிக்கலுக்குப் போவார்கள். "லூஸ் மோஷன்" என்று சொன்னதும் அங்கே எடுத்து நீட்டுவது பல இடங்களில் ஆஃப்லாக்சசின் சேர்ந்த மாத்திரை. பேதி நிற்கும், மூச்சும் தடுமாறும். பேதியானால் பைரிடோஸ்டிக்மின் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள், அளவைக் குறைத்தால் சரியாகிவிடும். படபடப்புக்குக் கொடுக்கும் ப்ரோப்ரனலால், ஜென்டாமைசின் ஊசி, மெக்னீசிய ஊசி, க்ளோரோக்வின், முகச்சுருக்கத்துக்குப் போடும் போட்டாக்ஸ் எல்லாமே எச்சரிக்கைப் பட்டியலில் உண்டு. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போடலாம். பெயர்களை ஒரு தாளில் எழுதி அவர் கைப்பையிலும் உங்கள் பர்ஸிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

குளோனாசிபாம் பற்றி டாக்டரிடம் முதல் வேலையாகச் சொல்லுங்கள். தூங்கும்போது மூச்சை மந்தமாக்கக் கூடிய மருந்து, தசை தளர்ந்தவருக்கு ஆகாது. ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். பல வாரம் சாப்பிட்டதை நிறுத்தும் முறை இருக்கிறது.

டாக்டரைப் பார்க்கும் வரை சாப்பாட்டில் கவனம். பெரிய சாப்பாடு காலையில், தெம்பு இருக்கும்போது. ராத்திரி சப்பாத்தி வேண்டாம். ஊறவைத்த இட்லி, குழைந்த தயிர் சாதம் போன்றவை. நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாக. தண்ணீர், காபி, ரசம் போன்ற நீர்த்தவைதான் மூக்கில் ஏறும், புரையும் ஏறும். முகவாயை நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் தாழ்த்தி மெதுவாகக் குடிக்கட்டும். சாப்பிடும்போது பேச்சு வேண்டாம்.

அம்மா திருஷ்டி சுற்றிப் போடட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் "வேலைக்குப் பயந்து சாயங்காலமானால் படுத்துக்கொள்கிறாள்" என்று வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் (கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, எனக்குத் தோன்றுகிறது) அதை நிறுத்த வேண்டியது நீங்கள்தான். காலையில் தோசை வார்த்தவள் ராத்திரி பாத்திரம் தேய்க்க முடியவில்லை என்பது இந்த நோயின் இயல்பு. காலை வீடியோவையும் மாலை வீடியோவையும் அம்மாவுக்கும் போட்டுக் காட்டுங்கள்.

இரண்டாவது குழந்தை வேண்டாம் என்று இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. இந்த நோயுள்ள பெண்கள் கர்ப்பமாகிறார்கள், நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். நோய் கட்டுக்குள் வந்து கொஞ்ச காலம் நிலைத்த பிறகு திட்டமிடுவது நல்லது. முதல் சில மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிறகும் நோய் ஏறலாம். பிறக்கும் குழந்தைக்குச் சில வாரம் தளர்ச்சி இருந்து போகலாம், அதனால் குழந்தை மருத்துவரும் தயாராக இருக்கும் இடத்தில் பிரசவம் வைத்துக்கொள்ள வேண்டும். பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறினால் வழக்கமாகப் போடும் மெக்னீசியம் இவர்களுக்குக் கூடாது என்பது மகப்பேறு டாக்டருக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று: எதிர்ப்பு சக்தியை அடக்கக் கொடுக்கும் மைக்கோஃபினோலேட் என்ற மருந்து கருவைப் பாதிக்கும். மருந்தைத் தேர்ந்தெடுக்கும் அன்றைக்கே "எங்களுக்கு இன்னொரு குழந்தை வேண்டும்" என்று உங்கள் மனைவி டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.